மைசூர் மொழி நிறுவனமும் வட எல்லை ஊர்களும்

(கே.ஜி.கண்டிகையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாடு தழுவிய ஒரு மொழியியல் நிறுவனத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மைசூரில் இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை எடுத்துக்கொண்டேன். அதன் ஆண்டறிக்கைகளை வரிசையாகப் படித்தால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். ஆகவே அந்த வேலையைச் செய்யப்போவதில்லை. அந்த நிறுவனம் எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது, அதன் வேலைகளில் எது உருப்படியானது, அதற்கும் இந்தத் திருத்தணி வட்டாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் பார்க்கலாம்.

இங்கே பேசுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. மற்ற ஊர்களில் இருமொழியாளர் என்றால் யார் என்று விளக்கியாக வேண்டும். இங்கே தேவையில்லை. வீட்டில் தெலுங்கும் பள்ளிக்கூடத்தில் தமிழும் பேசுகிற பிள்ளை, பிறந்த வீட்டில் ஒரு மொழியும் புகுந்த வீட்டில் ஒரு மொழியுமாகக் காலம் தள்ளுகிற மருமகள், வாடிக்கையாளர் வாய் திறந்ததும் எந்த மொழியில் விலை சொல்வது என்று முடிவு செய்துவிடுகிற கடைக்காரர் எல்லாரும் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆடிக்கிருத்திகைக்குச் சித்தூர்ப் பக்கமிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டு படியேறினாலும் அரோகரா மட்டும் ஒன்றுதான். 1888இல் திருத்தணியில் பிறந்து குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணனின் குடும்பம் தெலுங்கு பேசிய குடும்பம். முத்துசாமி தீட்சிதர் இந்த முருகன் மலையில் பாடிய முதல் கீர்த்தனை வடமொழியில். அருணகிரிநாதர் பாடியது தமிழில். முருகனுக்கு இதில் எதிலும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆட்சேபணை எழுந்தது அரசாங்கம் எல்லைக்கோடு போட உட்கார்ந்தபோதுதான். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. அதோடு திருத்தணியும் போனது. ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டம் இந்த அவையில் உள்ள மூத்தவர்களுக்குப் பெற்றோர் வாயிலாகத் தெரிந்திருக்கும். அதற்கும் முன்பே ஊர் ஊராகப் போய்க் கூலி வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழாரை இன்று எத்தனை பேர் நினைக்கிறோம் என்பது வேறு கேள்வி. மேடை முழக்கத்துக்குக் கிடைத்த நினைவில் பாதி கூட கரும்பலகை வேலைக்குக் கிடைப்பதில்லை. பிறகு பட்டாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை அலகாகக் கொள்வது, அந்தக் கிராமத்தின் பெரும்பான்மைத் தாய்மொழியைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சியைப் பார்ப்பது என்று விதிகள் வகுத்தார். அதன்படி 1959இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது.

எல்லைக்கோடு என்று ஒன்று வேண்டுமானால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். அதில் பட்டாஸ்கரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது? மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தாய்மொழி என்ற ஒரு கட்டத்திலிருந்து. அந்தக் கட்டத்துக்குள் ஓர் ஆளுக்கு ஒரு மொழிதான். ஊரே இரண்டு மொழியில் வாழ்ந்தாலும் படிவம் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டது. இந்திய மொழியியலின் பெரிய தலைவலி இதுதான் என்பது என் எண்ணம். மைசூர் நிறுவனத்தின் வரலாற்றையும் இந்தக் கட்டத்தோடு அது போட்ட மல்லுக்கட்டாகவே பார்க்கிறேன். சில இடங்களில் அது ஜெயித்தது, சில இடங்களில் தானே ஒரு படிவமாகிப் போனது.

கொஞ்சம் பின்னால் போவோம். தமிழும் தெலுங்கும் உறவு மொழிகள் என்பது இந்தப் பக்கத்துப் பாட்டிமார்களுக்குப் படிக்காமலே தெரிந்த விஷயம். அதைச் சான்று காட்டி நிறுவியவர் யார் என்றால் நாம் எல்லாரும் கால்டுவெல் என்போம். அவருடைய ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816இல், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் அதைச் செய்துவிட்டார். எங்கே செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தெலுங்கின் வேர்ச்சொற்கள் தமிழிலும் கன்னடத்திலும் எப்படி ஒத்து வருகின்றன, அவை ஏன் வடமொழியிலிருந்து வந்திருக்க முடியாது என்று அந்தக் குறிப்பில் அடுக்கிக் காட்டினார். அவருக்குத் துணை நின்றவர்கள் பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்ற உள்ளூர் அறிஞர்கள்.

இந்த வேலைக்கெல்லாம் தளமாக இருந்தது 1812இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. கம்பெனியின் இளம் அதிகாரிகள் மக்கள் பேசும் மொழியைப் படிக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கல்லூரி அது. ஆராய்ச்சி அதன் வேலையே இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில், தமிழாசிரியரும் தெலுங்காசிரியரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்த இடத்தில், திராவிட மொழிக் குடும்பம் கண்ணில் பட்டது. மொழியைக் கற்பிக்கிற இடத்தில்தான் மொழியைப் பற்றிய அறிவும் முளைக்கிறது என்று நான் நினைப்பதற்கு இந்தக் கல்லூரியே முதல் சாட்சி. இன்னொரு சாட்சி மைசூர். அதற்கு வருகிறேன்.

இடையில் கிரியர்சன். இந்திய மொழிகளின் அளவாய்வை 1890களில் தொடங்கி 1928இல் முடித்தார். 179 மொழிகள், 544 கிளைமொழிகள் என்று கணக்குக் கொடுத்தார். விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதையை ஒவ்வொரு பேச்சு வகையிலும் சொல்லவைத்து மாதிரி சேகரித்தார்கள். சொத்தைப் பிரித்துக் கொடு என்று அப்பனிடம் கேட்கிற இளைய மகனின் கதை எந்த ஊருக்கும் பொருந்தும் என்பதால், தேர்வு நல்ல தேர்வுதான். ஆனால் சென்னை மாகாணம் அந்தக் களப்பணியின் எல்லைக்குள் வரவில்லை. மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களும் வரவில்லை. திராவிட மொழிகளுக்கு ஒரு தொகுதி இருக்கிறது, ஸ்டென் கோனோவ் எழுதியது. ஆனால் வடக்கே ஊர் ஊராக நடந்த வேலை தெற்கே நடக்கவில்லை. அளந்து பார்த்தால் மிகச் சுவையாக இருந்திருக்கக்கூடிய தமிழ்-தெலுங்கு எல்லையை யாரும் அளக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு புனே டெக்கான் கல்லூரியில் கோடைக்கால மொழியியல் பள்ளிகள் நடந்தன. அங்கே பயின்றவர்கள் நாடெங்கும் போய்த் துறைகளைத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கு அடித்தளம் போட்டார். 1963 முதல் அது உயராய்வு மையமாக வளர்ந்தது. தமிழ்ப் பேராசிரியர்கள் பலருக்கு மொழியியல் என்றாலே ஒரு சந்தேகப் பார்வை இருந்த காலம் அது. தொல்காப்பியம் இருக்க இவர்கள் எதற்கு என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. தெ.பொ.மீ. இரண்டு கரையையும் அறிந்தவர் என்பதால் சமாளித்தார்.

இனி 1960களின் அரசியல். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1968 ஜனவரியில் நாடாளுமன்றம் ஏற்ற ஆட்சிமொழித் தீர்மானம் இந்தி வளர்ச்சியோடு மற்ற இந்திய மொழிகளின் வளர்ச்சியையும் மத்திய அரசின் பொறுப்பாக்கியது, மும்மொழித் திட்டத்தையும் சொன்னது. அதே ஜனவரி மாதம் அண்ணாவின் அரசு இருமொழிக் கொள்கையை அறிவித்தது. அந்த நேரத்து நிலவரத்தைப் பாருங்கள். இந்திக்கு ஆக்ராவில் ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 1958 முதல் ஐதராபாத்தில் ஒன்று இருக்கிறது. தமிழ், தெலுங்கு, வங்காளம், மராத்தி, காசி, தோடா என்று மிச்சமிருக்கும் அத்தனைக்கும் ஒன்றும் இல்லை. 1969 ஜூலை 17ஆம் தேதி மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கியது. ஒரு மொழிக்கு ஒரு நிறுவனம், மற்ற எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரு நிறுவனம் என்கிற இந்தக் கணக்கில் உள்ள நியாயத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். நான் மேலே போகிறேன்.

முதல் இயக்குநர் தேவிபிரசன்ன பட்டநாயக், ஒடிசாக்காரர். ஒடியா, அசாமியம், வங்காளம், இந்தி ஆகியவற்றின் பழைய வடிவத்தை மீட்டமைக்கும் வரலாற்று மொழியியல் ஆய்வு செய்தவர். பிற்காலத்தில் ஒடியாவுக்கு 2014இல் செம்மொழித் தகுதி கிடைத்ததில் அவர் உழைப்பு இருந்தது. ஆனால் மைசூரில் அவர் செய்த காரியம் பழமை ஆராய்ச்சியைச் சேர்ந்ததல்ல. 1981இல் வந்த அவருடைய நூல் பன்மொழிச் சூழலையும் தாய்மொழிக் கல்வியையும் பற்றியது. அவர் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். மேலை நாடுகளில் ஒரே மொழி பேசுவதுதான் இயல்பு, இரண்டாவது மொழி தொந்தரவு, மூன்றாவது ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். அங்கே எழுதிய கல்வித் திட்டத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால் பொருந்தாது. இங்கே பல மொழி தெரிந்திருப்பதுதான் இயல்பு. அதிலிருந்து ஒரு மொழியைப் பிடுங்கினால் மனிதனிடமிருந்து ஏதோ ஒன்று குறைகிறது.

நீங்கள் தலையாட்டுகிறீர்கள். இது உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அரசாங்கத்துக்கு அன்று புதிது, பல சமயம் இன்றும் புதிதாகத்தான் இருக்கிறது.

அந்த எண்ணத்தை அவர் செயலாக்கிய இடம் வட்டார மொழி மையங்கள். 1970 முதல் மைசூர், புவனேசுவரம், புனே, பட்டியாலா ஆகிய இடங்களில் தொடங்கின. பிறகு உருது மொழிக்காக லக்னோவிலும் சோலனிலும், வடகிழக்குக்காகக் குவாகாத்தியிலும் வந்தன. இவற்றின் வேலை ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரைப் பத்து மாதம் அனுப்பிவைப்பார்கள். அவர் தன் தாய்மொழி அல்லாத இன்னொரு இந்திய மொழியைப் படிக்க வேண்டும். திரும்பிப் போய்த் தன் பள்ளியில் அதைக் கற்பிக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்குக்கும் மைசூர்தான் மையம்.

இது எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்திருக்கும் ஓர் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பது ஆகிறது. வகுப்பில் அதட்டிப் பழகியவர். இப்போது அவர் மாணவர். தமிழில் அவருக்கு முதல் அடி எழுத்தில் விழாது. எழுத்தை ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார். அவரைத் திணறடிப்பது, புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று இருப்பது கடைத்தெருவில் 'வந்துக்கிட்டிருக்கான்' என்று காதில் விழுவது. இரண்டில் எதை முதலில் கற்பிப்பது? நம் பண்டிதர்கள் இரண்டாவதைப் பாடம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மைசூர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். எஸ்.ராஜாராம் எழுதி 1979இல் நிறுவனம் வெளியிட்ட தமிழ்ப் பாடநூல் உரையாடல், வாய்ப்பயிற்சி, மாற்றிச் சொல்லும் பயிற்சி, அப்புறம் இலக்கணக் குறிப்பு என்று போகும். மாணவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, மறுபடி சொல்லி, நாக்கு பழகும் வரை விடுவதில்லை. 'ல', 'ள', 'ழ' மூன்றையும் காதால் பிரித்தறிந்த பிறகுதான் வாயால் பிரிக்க முடியும் என்பதால் கேட்கும் பயிற்சிக்குத் தனி நேரம்.

நம் பள்ளிக்கூடங்களில் தமிழை நாம் இப்படிக் கற்பிப்பதில்லை. கற்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை, பிள்ளை தமிழோடுதான் வருகிறது என்று நினைக்கிறோம். எல்லாப் பிள்ளையும் அப்படி வருவதில்லை என்பது இந்த ஊரில் தெரியும்.

நேரடியாகவே சொல்கிறேன். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறித் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பத்தாம் வகுப்பை எட்டியபோது தெலுங்கு, உருது, கன்னடம் போன்ற மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள், விலக்கும் பெற்றார்கள். தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று அரசு சொல்வது நியாயம். வீட்டு மொழியில் படிக்கும் பிள்ளையைத் தயார் செய்யாமல் தேர்வில் நிறுத்தாதீர்கள் என்று பெற்றோர் சொல்வதும் நியாயம். வழக்கறிஞர்கள் இரண்டு நியாயத்தையும் நன்றாகவே வாதாடினார்கள். நடுவே யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் தமிழ் பேசாத குழந்தைக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் எங்கே? தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு எழுதிய பாடநூலை அந்தக் குழந்தை கையில் அப்படியே கொடுத்துச் செய்யுளை மனப்பாடம் செய் என்றால், அது எழுத்துக்கூட்டிப் படிக்கும், பொருள் தெரியாது, தமிழ் மேல் வெறுப்புத்தான் மிஞ்சும். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு படிக்க வேண்டிய தமிழ்ப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

இதற்கான முறை அரை நூற்றாண்டாக மைசூரில் இருக்கிறது. ஜெய்ப்பூரிலிருந்து வந்தவரைப் பத்து மாதத்தில் தமிழ் பேசவைக்கும் முறை திருத்தணி வட்டாரத்துத் தெலுங்குப் பள்ளிக்கு வந்து சேரவில்லை. நிறுவனத்தின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான், மாநில அரசுகளின் மேலும்தான். மும்மொழித் திட்டம் என்ற பெயரோடு பிறந்ததால் தமிழ்நாடு அந்த மையங்களைத் தள்ளி நின்றே பார்த்தது. அரசியல் காரணம் எனக்குப் புரிகிறது, அதில் பெரும்பகுதியை நானும் ஏற்பவன். ஆனால் கற்பிக்கும் முறைக்குக் கட்சி கிடையாது.

அடுத்து, நிறுவனத்தின் பெயர் அறிஞர் உலகில் நிலைத்த வேலையைச் சொல்கிறேன். எழுத்தில்லாத மொழிகளை ஆராய்ந்தது. ஒரு மொழியை எடுத்தால் முதலில் அதன் ஒலிகளை விளக்கும் ஒரு சிறு நூல், பிறகு இலக்கணம், பிறகு சொற்றொகுதி, பிறகு குழந்தைகளுக்கான முதல் பாடப்புத்தகம் என்று படிப்படியாகப் போனார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. களத்தில் உட்கார்ந்தால் தெரியும். கையை நீட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டால் ஒருவர் கை என்பார், ஒருவர் விரல் என்பார், மூன்றாமவர் நகம் அழுக்காக இருக்கிறது என்பார். 'நான் வந்தேன்' என்பதை உங்கள் மொழியில் சொல்லுங்கள் என்றால், பேச்சு வழக்கப்படி அவர் 'நீ வந்தாய்' என்று பதில் சொல்லிவிடுவார். ஆராய்ச்சியாளர் அதைத் தன்மை வினை என்று எழுதிக்கொண்டு போய் இரண்டு வாரம் கழித்து விழிப்பார்.

இன்னொரு பொறியும் உண்டு. ஆங்கிலத்திலோ இந்தியிலோ வினாப்பட்டியல் வைத்துக்கொண்டு போகிறவர், தன்மைப் பன்மைக்கு ஒரே ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கேட்பவரையும் சேர்த்து 'நாம்', சேர்க்காமல் 'நாங்கள்' என்ற வேறுபாடு இருக்கிறதா என்று கேட்க அவருக்குத் தோன்றாது. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்று அதே வேறுபாடு இருப்பதை அறிந்த இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் மொழியியல் படித்துக் களத்துக்குப் போனால் முதல் நாளே கேட்பார். இரண்டு மொழி தெரிந்தவர்கள் நல்ல கள ஆய்வாளர் ஆவது இதனால்தான். மாணவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீலகிரித் தோடர் மொழியில் 'ர' போன்ற உருளொலிகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன. தமிழ்க் காதுக்கு இரண்டு எட்டும், மூன்றாவது தப்பிவிடும். தோடா, கோத்தா இரண்டையும் யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் அட்டவணை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் அப்படி ஏதோ ஒரு வகையில் ஆபத்தில் உள்ளவை 197 என்பது அதன் கணக்கு.

பழங்குடிக் குழந்தைகளுக்காக மைசூர் வகுத்த இருமொழிக் கல்வி முறையைத் தனியே குறிப்பிட வேண்டும். முதலில் முழுவதும் வீட்டு மொழியில், ஆனால் மாநில மொழியின் எழுத்தில் படிப்பு தொடங்கும். பிறகு மாநில மொழி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். குழந்தை ஒரு மொழியை இழக்காமல் இன்னொன்றுக்கு நடந்துபோகும். பட்டநாயக்கின் கொள்கை காகிதத்திலிருந்து இறங்கி வகுப்பறைக்கு வந்தது என்றால் இதில்தான். பிரான்சிஸ் எக்கா என்பவர் 1990களில் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். குரூக் மொழி பேசும் பழங்குடியைச் சேர்ந்தவர், அந்த மொழியின் ஒலிகளைப் பற்றி நிறுவனத்துக்காகவே நூல் எழுதியவர். குரூக், தமிழுக்குத் தூரத்து உறவான திராவிட மொழி, ஜார்க்கண்ட் காடுகளில் பேசப்படுவது. ஆராயப்பட்ட மொழிக்காரர் ஆராயும் நிறுவனத்துக்குத் தலைவரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் நம் இ.அண்ணாமலை. தமிழ் வாக்கிய அமைப்பை ஆராய்ந்தவர், பன்மொழிச் சூழலை ஓர் அரசு எப்படிக் கையாள வேண்டும் என்று நூல் எழுதியவர். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்குப் பின்னாலும் அவர் அறிவு இருக்கிறது. இன்றைய தமிழையே ஆதாரமாகக் கொண்டு இன்றைய தமிழுக்கு அகராதி செய்யலாம் என்பது அன்று சின்ன விஷயம் அல்ல.

மற்ற பணிகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1990களில் கணினிக்காகத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கிலும் மொழிக்கு 30 லட்சம் சொல் அளவில் எழுத்துத் தரவு தொகுத்தார்கள். இன்று கைப்பேசி தமிழ் பேசுகிற காலத்தில் 30 லட்சம் என்பது சிரிப்பாக இருக்கலாம், அன்று ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த வேலை அது. 2008 வாக்கில் மொழித் தரவு வங்கி ஒன்றும், பாடநூல்களைப் பெயர்க்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் வந்தன. 2013இல் 10,000 பேருக்கும் குறைவாகப் பேசும் மொழிகளைப் பதிவு செய்யும் திட்டம் வந்தது. 2016இல் பாரதவாணி என்ற இணையதளம் வந்தது. 2004 அக்டோபரில் தமிழ் செம்மொழி என்று அறிவிக்கப்பட்ட பிறகு அதற்கான மத்தியத் திட்டம் முதலில் மைசூரில்தான் இயங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 2008இல் அது சென்னைக்கு வந்து செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆனது. 2022 ஜனவரியில் பெரும்பாக்கத்தில் சொந்தக் கட்டடம் திறந்தார்கள்.

ஒவ்வொன்றும் தேவையான வேலைதான். ஆனால் திட்டங்கள் பெருகப் பெருக நிறுவனத்தின் முகம் மங்கிவிட்டது என்பது என் மதிப்பீடு. ஒரு திட்டம் தொடங்கும், ஒப்பந்த அடிப்படையில் இளைஞர்களை எடுப்பார்கள், நிதி முடியும், இளைஞர்கள் போய்விடுவார்கள், சேர்த்த ஒலிப்பதிவு அலமாரியில் இருக்கும். கிரியர்சனுக்குப் பிறகு முழுமையான புதிய அளவாய்வு ஒன்றை மைசூர் நடத்தும் என்று 2000களில் பேச்சு எழுந்தது. நடக்கவில்லை. 2010இல் கணேஷ் தேவி என்ற இலக்கியப் பேராசிரியர் நாடெங்கும் தன்னார்வலர்களைச் சேர்த்து இந்திய மக்கள் மொழி அளவாய்வைத் தொடங்கினார், 780 மொழிகள் என்று சொன்னார். மொழியியலாளர்கள் அதன் முறையில் ஆயிரம் குறை கண்டார்கள். குறைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் செய்தது அவர்தான்.

இனி மறுபடி அந்தக் கட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 ஆக்கினார்கள். அதையும் குழுவாக்கி, 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று வெளியிட்டார்கள். குழுவாக்கும்போது என்ன நடக்கிறது? படகா பேசும் 1.33 லட்சம் பேர் கன்னடத்துக்குள் போகிறார்கள். மதுரைச் சௌராஷ்டிரர்களின் மொழி குஜராத்திக்குள் போகிறது. எருகலா, கொரவா, கைக்காடி மூன்றும் தமிழுக்குள். வடாரி தெலுங்குக்குள். போஜ்புரி உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் இந்திக்குள். இந்தி தன்னை ஊதிப் பெருக்கிக்கொள்கிறது என்று நாம் குற்றம் சாட்டுகிறோம், சரியாகவே சாட்டுகிறோம். தமிழின் கணக்கிலும் சில சின்ன மொழிகள் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கின்றன என்பதை அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

திருத்தணி மலையடிவாரத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் தமிழில் பேசுகிறார்கள், ஆந்திரத்துப் பக்தரிடம் தெலுங்கில் பேசுகிறார்கள், தங்களுக்குள் வாக்ரிபோலி பேசுகிறார்கள். அது குஜராத்தி, ராஜஸ்தானிக்கு உறவான மொழி. சீனிவாச வர்மா அதற்கு 1970இலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விளக்க நூல் எழுதிவிட்டார். 121 மொழிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. நம் ஊர்களில் மிக அதிக மொழி தெரிந்தவர்கள் அநேகமாக அவர்கள்தான். அவர்கள் பிள்ளைகளைப் படிப்பு வராதவர்கள் என்று பள்ளிக்கூடம் சொல்கிறது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். 2011 படிவத்தில் தாய்மொழிக்கு அடுத்தபடியாகத் தெரிந்த பிற மொழிகள் இரண்டைக் கேட்கும் இடமும் இருந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கு 26 பேர் இரண்டு மொழியும், 7 பேர் மூன்று மொழியும் தெரிந்தவர்களாகப் பதிவானார்கள். உங்கள் சந்தையில் ஒரு நாள் நின்று பார்த்தவர் யாரும் இந்த வட்டாரத்துக்கு அந்த விகிதத்தை நம்ப மாட்டார். கணக்கெடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். இந்த அவையிலும் பலர் இருக்கிறீர்கள். அந்தக் கேள்வி இந்த முறையும் இருந்தால், தாய்மொழியை எழுதியதும் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டாமல் மற்ற இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். பெரியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு மருமகளுக்கும் அதையே எழுதிவிடாதீர்கள், அவர் வேறு ஊரிலிருந்து வேறு மொழியோடு வந்திருப்பார். நரிக்குறவர் குடியிருப்பில் பேச்சு தமிழில் நடக்கிறது என்பதற்காக நீங்களாகவே தமிழ் என்று எழுதாதீர்கள். அவர்கள் வாக்ரி என்றால் வாக்ரி என்றே எழுதுங்கள். எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதை டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.